இடைத்தங்கல்

'இடைத்தங்கல்' என்பது வன்னி மக்கள் அகராதியில் தேடிப் பொருள் அறிய வேண்டிய சொல் அல்ல. 1995, 1996 இடப்பெயர்வுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு மல்லாவி இடம் கொடுத்தது. 2008இல் மல்லாவி மக்களே மூட்டை கட்டினார்கள். 2009இல் செட்டிகுளத்து முகாம்கள் நிரம்பின. அதே சொல்லை இன்று ஒரு சின்னப் பிறவிக்காகச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு மாரி காலத்தில், வவுனிக்குளக் கட்டோரம் ஓர் உரப்பை அசைந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கண் திறவாத ஐந்து நாய்க்குட்டிகள். ஐந்தும் பெட்டை. இது தற்செயல் அல்ல. கடுவன் குட்டியைக் கேட்டு ஆள் வரும்; பெட்டைக்குட்டி சந்தையடிக்கோ கோயில் வாசலுக்கோ போகும்.

கடகத்தில் பழஞ்சீலை விரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பசிக்குப் பசும்பால் பருக்கினேன். அடுத்த நாளே வயிற்றோட்டம். கால்நடை வைத்தியர் சொன்ன பிறகுதான் விளங்கியது: நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், பசும்பாலில் சீனிச்சத்து அதிகம், குட்டியின் வயிறு அதைத் தாங்காது. அதைவிட முக்கியமானது சூடு. உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செமிக்காது. ஆகவே சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, சூடேறிய பிறகே குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மல்லாத்திப் பருக்கினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். தாய் நக்கிவிடுவதுபோல ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவினால்தான் சலம் போகும். இரவும் பகலும் மூன்று மணிக்கொரு தரம் இதே வேலை.

மூன்றாம் இரவு ஒன்று இறந்தது. மற்ற நான்கும் இரண்டாம் வாரத்தில் கண் திறந்தன.

நான் அவற்றுக்குப் பெயர் வைக்க முனைந்தேன். அம்மா மறித்தார்.

"பேர் வைச்சால் குடுக்க மனம் வராது."

அம்மாவின் காரணம் எனக்குத் தெரியும். 2008இல் வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டு, சட்டி நிறையச் சோறு வைத்தவர் அவர். உழவு இயந்திரப் பெட்டியின் பின்னால் அது ஓடிவந்த தூரத்தை இன்றும் சொல்வார். திரும்பி வந்தபோது வளவில் சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேறமாட்டேன் என்று நின்றான் தருமன். கதையைக் கேட்டால் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் பிள்ளைகளை ஏற்றவே இடம் போதாத பெட்டியில் ஏறிய அம்மாவுக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று உரப்பையைக் கட்டுகிறவருக்கு அப்படியா?

2006இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு கைவிட்டது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் அமைத்தது. நல்ல காரியந்தான். ஆயினும் எந்தச் சரணாலயமும் எல்லாக் குட்டிகளையும் ஏந்த முடியாது. பெட்டைக்குக் கருத்தடை செய்து, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டால், பையைக் கட்டுகிற தேவையே வராது. குட்டிகளைத் தெருவில் விட்டபின் பரிதாபப்படுவதிலும் இது சுலபம்.

இரண்டு மாதம் கழித்து மூன்று குட்டிகள் மூன்று வீடுகளுக்குப் போயின. கருத்தடை செய்விப்போம் என்று வாக்குத் தந்த வீடுகளுக்கே கொடுத்தேன். நான்காவதைக் கேட்டு ஒருவர் வந்தார். படலையடியில் நின்று, "கடுவனோ?" என்றார். இல்லை என்றதும் தயங்கினார்.

நான் பேச வாயெடுக்கும் முன் அம்மா திண்ணையிலிருந்து எழுந்தார்.

"அது எங்கயும் போகேல்லைத் தம்பி. அது இஞ்சதான் நிக்கும்."

பிறகு, முதன்முறையாக, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 2008இல் படலையடியில் விட்டுவந்த நாயின் பெயர் அது.