கழுத்துக் கட்டியும் இரத்தத்தின் சாட்சியமும்

கழுத்தின் முன்புறத்திலே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அதன் வீக்கத்தைக் கழலை என்பர். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் அது நெடுங்காலம் ஊரறிந்த நோயாக இருந்தது. உப்பில் அயடீன் சேர்க்க வேண்டுமென 1995இல் சட்டம் வந்தபின் அயடீன் குறைவால் வரும் கழலை அருகிற்று. ஆயினும் சுரப்பியிற் கட்டிகள் தோன்றுவது நின்றுவிடவில்லை. கட்டியைக் கண்டதும் நோயாளி கேட்பது ஒரே கேள்வி: இது புற்றுநோயோ? 100 கட்டிகளில் ஏறக்குறைய 90 தீங்கற்றவையே. எஞ்சியவற்றை இனங்காண்பதெவ்வாறு?

புற்றுக் கட்டிகளுள் வெண்குழியங்கள் குழுமியிருப்பதை ஜேர்மன் அறிஞர் வேர்ச்சோ 1863இலேயே சுட்டிக்காட்டினார். அழற்சிக்கும் புற்றுக்கும் உறவுண்டெனில், அதன் சுவடு இரத்தத்திலும் தென்படலாமன்றோ? இக்கருத்தினின்றே, நியூத்திரோபில் என்னும் வெண்குழியங்களின் தொகையை நிணநீர்க்குழியங்களின் தொகையால் வகுத்துப் பார்க்கும் வழக்கம் எழுந்தது. முன்னையது 4,000, பின்னையது 2,000 ஆயின் விகிதம் 2. சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இரு தொகைகளும் உள, தனிச் செலவில்லை. ஆராய்ச்சியாளர் ஆசை கொண்டதில் வியப்பில்லை.

எனினும் இவ்வெண் எளிதில் ஏமாற்றும். பல்லிற் சீழ் கட்டினாலும், ஸ்ரெரோயிட்டு மருந்து உட்கொண்டாலும் அது உயரும். சில ஆய்வுகள் புற்றுடையோரிடம் விகிதம் கூடுதலென்ன, வேறு சில வேறுபாடே இல்லை என்கின்றன. 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ விவரித்த நோயில் நிணநீர்க்குழியங்கள் சுரப்பியினுள்ளேயே குடியேறுகின்றன. அந்நோயும் புற்றும் ஒருவரிடத்தே சேர்ந்திருப்பதும் உண்டு. அங்கே கணக்கு மேலுஞ் சிக்கலாகின்றது.

இரத்தம் தெளிவாகப் பேசுமிடமும் ஒன்றுண்டு. சுவிற்சர்லாந்துச் சத்திரவைத்தியர் டி கேர்வேன் 1904இல் விவரித்த சுரப்பி அழற்சியிலே கழுத்து நோகும், காய்ச்சல் காயும், செங்குழியம் படியும் வேகம் மணிக்கு 50 மில்லிமீற்றரையும் பெரும்பாலும் தாண்டும். வேடிக்கை யாதெனில், இவ்வளவு ஆரவாரஞ் செய்யும் அந்நோய் தீங்கற்றது. பெரும்பாலும் சில மாதங்களிலே தணிவது. புற்றோ, பலரிடம் நோவின்றி, இரத்தத் தாளிலே எவ்விதக் குறையுங் காட்டாது வளர்கின்றது.

ஆதலால் வைத்தியர் ஒலியலைப் படம் எடுத்து, ஐயத்துக்குரிய கட்டியினின்று நுண்ணூசியாற் கலங்களை உறிஞ்சி நுணுக்குக்காட்டியிற் பார்க்கின்றனர். கழுத்தில் ஊசியென்றதும் அஞ்சி, "இரத்தம் நல்லாயிருக்கிறதே" என்று நாட்கடத்துவோர் உளர். அவ்வூசி இரத்தம் எடுக்கும் ஊசியிலும் மெல்லியது. மெடுலரி என்னும் அரிய வகைப் புற்றில் மட்டும் கல்சிற்றோனின் என்னும் ஓமோன் இரத்தத்தில் உயர்ந்து நின்று அதனைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் அழற்சியின் குறியன்று, அப்புற்றுக் கலங்களே சுரப்பது.