மாடு படுக்கும், டிராக்டர் படுக்காது

‘மாட்டுக்கு மனசு இருக்கு, டிராக்டருக்கு என்ன இருக்கு?’ன்னு கேட்டு எதிரணி நண்பர் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் சொல்றேன், டிராக்டருக்கு ரெண்டு பிரேக் இருக்கு! (சிரிப்பு)

சிரிக்காதீங்க. வலது பின்சக்கரத்துக்கு ஒரு மிதி, இடதுக்கு ஒரு மிதி. வயல் மூலையில் சட்டென்று திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். நெல்மூட்டையோடு வீடு திரும்புகிற அவசரத்தில் கொக்கியை மறந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், வண்டி குடைசாயலாம். மூட்டை மேல யாரு உட்கார்ந்திருக்கா? அறுப்புக்குப் போன அம்மா, மடியில பிள்ளை!

டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இறக்கத்தில் பாரம் முழுக்க டிராக்டரைத் தள்ளும். மாடு தாங்கலைன்னா படுத்துக்கும். டிராக்டர் படுக்காதய்யா, ‘உர்ர்’னு கிளம்பிடும்! அளவு பார்க்க வேண்டியவன் ஓட்டுகிறவன்தான்.

இது இன்றைய கவலையா? புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் சேம அச்சு கட்டியிருந்ததைச் சொல்கிறார். காளை இளசு, பாரம் அதிகம், வழியெல்லாம் மேடு பள்ளம். (ஸ்டெப்னிக்குத் தமிழ்ப் பேர் தேடுறவங்க அங்கே போகலாம்.) மாட்டு வண்டிக்கே அந்த முன்ஜாக்கிரதை!

அதனால டிராக்டரைத் திட்டாதீங்க. கொக்கியை மாட்டு, பின்னால சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு, பிள்ளையை பஸ்ஸில் அனுப்புன்னு சொல்லுங்க. மேற்கே மேகம் கறுத்திருக்கு, களத்துல நூறு மூட்டை கிடக்கு. நண்பரே, எந்த மாட்டுக் கழுத்தைக் கேட்கப் போறீங்க?