உடம்பு சொல்லும் மனத்தின் சேதி

(தருமபுரி மாவட்டத்தில் நம் மருத்துவமனையின் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் சகோதரி, ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நம் மருத்துவமனையில் பிரசவம் நடக்கிறது, கண் அறுவை நடக்கிறது என்றால் கேட்டவுடன் புரிகிறது. மனநல ஆலோசனை நடக்கிறது என்றால் அப்படிப் புரிவதில்லை. "பேசிக்கொண்டிருப்பதற்கும் சம்பளமா, அம்மா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுக்கிறவர்களுக்கு அதைக் கேட்க உரிமையும் உண்டு. இன்று அதற்குப் பதில் சொல்லவே நிற்கிறேன். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் என்னிடம் சொல்வது என்னோடு நிற்க வேண்டியது. ஆகையால் நான் இங்கே குறிப்பிடப் போகிறவர்கள் தனியொரு ஆள் அல்ல. பலருடைய வாழ்க்கையைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பக்கத்தில் "மனசு சரியில்லை" என்று சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர் அபூர்வம். "தலை கனக்குதுங்க", "மாருல என்னமோ அடைக்குது", "கைகால் எல்லாம் எரியுது", "ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது" என்றுதான் வருகிறார்கள். டாக்டர் முதலில் உடம்பைத்தான் பார்ப்பார். அதுதான் சரி. இரத்த சோகை இருந்தாலும், தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை ஏறினாலும் அசதியும் படபடப்பும் வரும். அவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. "உனக்கு ஒன்றும் இல்லை, போ" என்று சொல்லிவிட்டால், வலியோடு வந்தவள் வலியோடுதான் திரும்புகிறாள். அவளுக்குக் கூடுதலாகக் கிடைப்பது, பொய் சொல்கிறாள் என்ற பேர். பிறகு வேறு இடம் தேடிப் போவாள். சத்து ஊசி, குளுக்கோஸ் பாட்டில், இன்னொரு ஸ்கேன், தாயத்து, மந்திரிப்பு என்று போய்க் கடைசியில் கடன் நிற்கும், தலைவலியும் நிற்கும்.

அந்த வலி நடிப்பு அல்ல, பிரியமானவர்களே. பாம்பைக் கண்டால் நம் உடம்பு என்ன செய்கிறது? நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தசைகள் இறுகுகின்றன, வயிறு கலங்குகிறது. பாம்பு போனதும் உடம்பு அடங்கிவிடும். கவலை மட்டும் போகாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்தால், உடம்பும் அதே இறுக்கத்தில் இருக்கிறது. கழுத்தும் தோளும் இறுகித் தலை வலிக்கிறது. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடுகிறது. மனத்தின் பாரத்தை உடம்புதான் சுமக்கிறது. ஆகவே உடம்பு சொல்வதை நாம் நம்பவேண்டும்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்தால் ராகியும் சாமையும் கைக்கு வருவதில்லை. கணவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. வாரந்தோறும் குழுக் கடன் தவணை. இரண்டு வருடமாகத் தலைவலி என்று அந்தப் பெண் வருகிறாள். மாத்திரை பெயரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "வலி எப்போது ஆரம்பித்தது? அந்தச் சமயம் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கிறேன். வெகுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். பிறகு, "இதையெல்லாமா ஆஸ்பத்திரியில சொல்றது, சிஸ்டர்?" என்கிறாள்.

அந்தக் கேள்விக்கு "ஆமாம், இங்கேதான் சொல்லவேண்டும்" என்று பதில் சொல்வதுதான் என் வேலையின் பாதி. ராத்திரி கணவன் குடித்துவிட்டுப் போனில் பேசுவது, மாமியாரின் சந்தேகம், வளைகாப்பு வீட்டுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டது, சில நாள் எழுந்திருக்கவே பிடிக்காதது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

மீதிப் பாதி, கேட்டதை வைத்துக்கொண்டு செய்வது. மனம் சோர்ந்தவர் ஒவ்வொரு காரியமாக விட்டுவிடுகிறார். சந்தைக்குப் போவதை விடுகிறார், தோழியோடு பேசுவதை விடுகிறார், தலை சீவுவதைக்கூட விடுகிறார். விட விடச் சோர்வு கூடுகிறது. "மனசு சரியானதும் செய்கிறேன்" என்று காத்திருந்தால் அந்த நாள் வருவதில்லை. ஆகவே சிறியதாக ஒன்றை முதலில் செய்யச் சொல்கிறோம். காலையில் பத்து நிமிஷம் நடப்பது, வாரத்தில் ஒரு நாள் அக்காள் வீட்டுக்குப் போவது, படுக்கும் நேரத்தை ஒழுங்கு செய்வது. அடுத்த முறை வரும்போது எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று பார்க்கிறோம். கணவனையும் மாமியாரையும் அழைத்துப் பேசுகிறோம். சோர்வு கடுமையாக இருந்தால் டாக்டர் மாத்திரை எழுதுகிறார். அந்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும்; நன்றாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வதும் சிகிச்சைதான்.

இப்படிப் பேசுவதால் பயன் உண்டா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை ஆறு முதல் எட்டு முறை சந்திக்க வைத்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் அதிகமாகத் தேறினார்கள். 2017-இல் அந்த முடிவு வெளியானது. பேசுவதும் கேட்பதும் கற்றுச் செய்யவேண்டிய ஒரு வைத்தியம் என்பதற்கு இது சாட்சி. பெரிய பட்டம் இல்லாதவரும் அதைக் கற்கலாம் என்பதற்கும் இதுவே சாட்சி.

அடுத்து, பிரசவமான தாய்மாரைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் பார்த்து, 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 சதவிகிதம். வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனவருத்தம், உதவிக்கு ஆள் இல்லாமை ஆகியவை காரணங்களாக நின்றன. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பிறந்ததும் ஒரு காரணம்.

நம் மாவட்டத்தில் இதை லேசாகக் கடந்துவிட முடியாது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. பெண் சிசுவுக்காக நாம் கண்ணீர் விட்டோம். அந்தச் சிசுவைப் பெற்றவளின் மனம் என்ன ஆயிற்று என்று எத்தனை பேர் கேட்டோம்? இரண்டாவதும் பெண் என்று தெரிந்ததும் வார்டுக்கு வெளியே நிற்கிற உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போவதை நம் நர்சுகள் பார்க்கிறார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற தாயைப் "பிடிவாதக்காரி" என்பது எளிது. அவளுக்குத் தேவை திட்டு அல்ல. தூக்கம், சாப்பாடு, குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ள ஒரு கை, "பிள்ளை அழகா இருக்கா" என்று சொல்ல ஒரு வாய். அப்படியும் இரண்டு வாரம் தாண்டிச் சோர்வு நீடித்தால் டாக்டரிடம் அழைத்து வரவேண்டும்.

ஆண்கள் என்னிடம் வருவது மிகக் குறைவு. அவர்கள் வேதனை பெரும்பாலும் குடியாகவோ கோபமாகவோ வெளியே வருகிறது. "ஆம்பளை அழக்கூடாது" என்று வளர்த்துவிட்டோம். தக்காளி விலை விழுந்து, வாங்கிய கடன் ஏறி, வீட்டில் சொல்ல முடியாமல் நிற்கிற மனிதனுக்கும் ஒரு காது வேண்டும்.

சபையாரிடம் உரிமையோடு ஒன்று சொல்லலாமா? "விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி" என்ற சொல்லை மனம் சோர்ந்தவரிடம் தயவுசெய்து சொல்லாதிருங்கள். நோயோடு குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு அவர்கள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாவைக் கேட்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். அவர் கண்டிக்கப்படவில்லை. தூங்கவிடப்பட்டார், அடையும் தண்ணீரும் கிடைத்தன, மறுபடியும் தூங்கினார், மறுபடியும் சாப்பிட்டார். அவருடைய முறையீடு அதற்குப் பிறகுதான் கேட்கப்பட்டது. ஜெபியுங்கள், கூடவே மாத்திரை சாப்பிட்டார்களா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் சண்டை இல்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒருவர் மனம் திறக்கும்போது உடனே புத்தி சொல்லவேண்டாம். "எல்லாருக்கும் இருக்கிற கஷ்டம்தானே" என்று மூடிவிடவேண்டாம். டி.வி.யை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கேட்டதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தெருவில் ஒருவராவது இப்படி இருந்தால், எத்தனையோ பேர் என்னிடம் வரும் நிலைக்குப் போகமாட்டார்கள்.

சில அடையாளங்களுக்குத் தாமதிக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமை, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்பது, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு. இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டால், "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அன்போடு நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனத்தில் இருந்ததைச் சொல்ல வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலும் பேசலாம்.

கடுமையான மனநோய் உள்ளவர்களைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்கு நாம் கொடுத்த விலை தெரிந்ததே. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீ விபத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வகையிலும் தடை செய்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே மருத்துவமனைகள் ஒரு நல்ல வழியைக் காட்டியிருந்தன. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் கூடாரம் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். 1957-இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் கூடவே தங்கும் முறையைப் பின்பற்றியது. நோயைப் பற்றிக் குடும்பம் கற்றுக்கொண்டு வீடு திரும்பியது. ஆலோசனையின்போது குடும்பத்தையும் உட்காரவைப்பதை நாங்கள் அங்கிருந்துதான் கற்றோம்.

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் எடுத்த கணக்கின்படி, பெரியவர்களில் 10.6 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு ஏற்றபடி 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சை பெறாதிருந்தார்கள். நூறு அடி ஆழக் கிணற்றுக்குப் பத்து அடிக் கயிறு வைத்திருக்கிறோம். உங்கள் காணிக்கை அந்தக் கயிற்றை நீட்டுகிறது. பல மாதம் தொடர்ந்து சாப்பிடவேண்டிய மாத்திரைகளுக்கு அது போகிறது. கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்குப் போகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், புளி கொட்டை எடுக்கும் வேலையை விட்டு வருகிறவளுக்கு ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியை இழந்தும் அவள் மறுமுறை வருகிறாள் என்றால், பேச்சில் ஏதோ பயன் இருக்கிறது என்று அவளே சாட்சி சொல்கிறாள்.

தலைவலி முழுவதும் போய்விட்டதா என்றால் எல்லோருக்கும் போவதில்லை. கணவன் பெங்களூரில்தான் இருக்கிறான், தவணையும் நிற்கவில்லை. ஆனால் இப்போது அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். ராத்திரி தூங்குகிறாள். தன் தெருவில் இன்னொருத்தி "மாருல அடைக்குது" என்றபோது, "என்ன ஆச்சு, சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

 தொடர்ந்து எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும், வெகுநாளாகப் பேசாதிருக்கிற ஒருவரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் முழுவதையும் கேளுங்கள்.