கண் சொல்வதா, கை சொல்வதா?



கருவிகளை வைத்துப் பிழைப்பு நடத்துபவன் நான். ஆனால் இன்று பேசப்போவது நாம் பிறக்கும்போதே கொண்டுவந்த கருவிகளைப் பற்றி. கண், காது, தோல். இவற்றுக்கும் கணக்கு உண்டு.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வேபர், ஆட்களை எடைகளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எடை கூடியது கைக்குத் தெரிய, ஏற்கெனவே இருப்பதில் சுமார் 2 சதவீதமாவது கூட வேண்டும். ஒரு கிலோவுக்கு 20 கிராம் போதும். பத்து கிலோ மூட்டையில் அதே 20 கிராமைப் போட்டா, தெரியவே தெரியாது. இதை வைத்து 1860-ல் ஃபெக்னர் உணர்வுக்கு மடக்கைச் சமன்பாடு எழுதினார். 1957-ல் ஹார்வர்டின் ஸ்டீவன்ஸ், மடக்கை அல்ல, அடுக்கு விதி என்றார். வெளிச்சம் இரட்டித்தால் நமக்கு இரட்டிப்பாகத் தெரிவதில்லை. மின்னதிர்ச்சி இரட்டித்தாலோ அதைவிடப் பல மடங்காகத் தெரியும்.

சரி, கண் ஒன்று சொல்லி, கை வேறொன்று சொன்னால்? 2002-ல் மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் வெளியிட்ட சோதனை இதைத்தான் கேட்டது. ஒரு மேட்டின் உயரத்தைப் பார்த்தும் தொட்டும் சொல்ல வேண்டும். காட்சியைக் கலங்கலாக்கக் கலங்கலாக்க, மக்கள் கையின் பக்கம் சாய்ந்தார்கள். எவ்வளவு சாய்வார்கள் என்பதைச் சூத்திரமே முன்கூட்டிச் சொன்னது. ஒவ்வொரு புலனுக்கும் உரிய பங்கு, அதன் திட்ட விலக்கத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம்.

ஒரு கணக்கு போடுவோம். கண் 50 மி.மீ. என்கிறது, விலக்கம் 1. கை 53 என்கிறது, விலக்கம் 2. பங்கு 4-க்கு 1. விடை 50.6, விலக்கம் சுமார் 0.9. கவனிச்சீங்களா? நல்ல கருவியோடு சுமாரான கருவியைச் சேர்த்தும் விடை மேம்பட்டிருக்கு! 1960-ல் கால்மன் தந்த வடிகட்டியிலும் இதே தத்துவம்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை. பிழை இரு பக்கமும் சிதற வேண்டும். ஒரே பக்கமாகத் தவறுகிற கருவியைச் சேர்த்தால், அது விடையையும் தன் பக்கம் இழுத்துவிடும். மேகத்துக்குள் விமானி நீண்ட நேரம் ஒரே சீராகத் திரும்பினால், உட்செவித் திரவம் விமானத்தோடு சேர்ந்து சுழன்று, "நேராகத்தான் போகிறோம்" என்று சொல்லிவிடும். வெளியே பார்த்துத் திருத்திக்கொள்ள அடிவானம் தெரியாது. உடம்பை நம்பி உயிர்விட்ட விமானிகள் உண்டு. அதனால்தான் அங்கே கருவிப் பலகையை நம்பப் பழக்குகிறார்கள்.

வீட்டிலும் இது உண்டு. இருட்டில் கண்ணின் பங்கு குறைந்து, கால் உணர்வும் உட்செவியும்தான் நம்மைத் தாங்குகின்றன. வயதானவர்களுக்கு அவையும் தளர்ந்திருக்கும். படிக்கட்டருகே ஒரு சிறு விளக்கு போட்டா, கண்ணுக்கு அதன் பங்கைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. பெற்றோருக்காக இன்றைக்கே செய்யலாம்.

தம்பி தங்கையரே, ஆய்வுக்கூடத்தில் விடைக்குப் பின்னால் பிழை எல்லையையும் எழுதச் சொல்வார்கள். மதிப்பெண்ணுக்காகன்னு நினைக்காதீங்க. எந்த அளவைக் கண்டாலும் இரண்டு கேள்வி கேளுங்க: எவ்வளவு சிதறுகிறது? கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்? அந்தக் கேள்வியில் பல உயிர்கள் இருக்கின்றன.