பழைய அம்பாசடரும் மாற்று என்ஜினும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசு, ஆனா கல்லூரி நாட்களை நினைச்சு அழாதே" என்று விழாக் குழுவினர் கண்டிஷன் போட்டிருக்கிறார்கள். எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் இருந்தேன். காலை டிபன் சாப்பிடும்போது நம் செட் நண்பர் ஒருவர் தலைப்பைக் கொடுத்துவிட்டார். "அப்பாவோட அம்பாசடர் ஷெட்ல அப்படியே நிக்குதுடா. பெட்ரோல் என்ஜின் போயிடுச்சு. ஒரு டீசல் என்ஜினை இறக்கிடலாமா?" என்று கேட்டார். இட்லியை வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் இங்கே சொல்கிறேன்.

அம்பாசடர் என்பது மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். வங்காளத்தில் உத்தரபாரா தொழிற்சாலையில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றது. வெகுகாலம் அதில் இருந்தது 1,489 சி.சி. பி.எம்.சி. என்ஜின். 1990-களின் தொடக்கத்தில் கம்பெனியே 1,817 சி.சி. இசூசு பெட்ரோல் என்ஜினை வைத்தது. அப்போது ஐந்து கியர் பெட்டியும் கூடவே வந்தது. என்ஜினை மட்டும் தனியாக மாற்ற முடியாது என்பது தயாரித்தவர்களுக்கே தெரிந்த விஷயம்.

நம் ஊரில் டாக்ஸிக்காரர்கள் அதற்கு முன்பே இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். மெட்டடார் வேன் என்ஜினை அம்பாசடரில் இறக்கியவர்கள் உண்டு. அன்றைக்கு டீசல் விலைக்கும் பெட்ரோல் விலைக்கும் இருந்த வித்தியாசம் அப்படி. அதிலும் வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் வண்டியெல்லாம் புதுவைக்கு வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகும். நமக்கு இருந்த பேராசையைக் கேட்கவா வேண்டும்!

1994-இல் நானும் எங்கள் வீட்டு அம்பாசடருக்குச் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய ஜப்பான் டீசல் என்ஜின் வாங்கி வந்தேன். மவுண்டிங் வெட்டி ஒட்டுவது, கிளட்ச் ஹவுஸிங்கைப் பொருத்துவது, பாரம் தாங்க முன் சஸ்பென்ஷனைச் சரிசெய்வது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பத்து நாளில் அழகாக முடித்துவிட்டார்கள். தொல்லை கொடுத்தது ஒயரிங்தான்.

அந்தக் கால ஒயரிங் லூகாஸ் முறைப்படி இருக்கும். பிரவுன் ஒயரில் எப்போதும் பாட்டரிக் கரண்ட். வெள்ளை ஒயரில் சாவி போட்டால் கரண்ட். இந்த இரண்டுக்கும் ஃப்யூஸ் கிடையாது! பச்சைக்கும் ஊதாவுக்கும் மட்டும்தான் ஃப்யூஸ். பெட்ரோல் என்ஜினுக்கு இது போதும். இக்னிஷன் காயில் குடிப்பது நாலு ஆம்பியர்.

டீசலுக்குக் காயில் வேண்டாம். ஆனால் ஹீட்டர் பிளக் வேண்டும். ஒரு பிளக் ஏறக்குறைய பத்து ஆம்பியர் என்றால் நாலுக்கு நாற்பது. பட்டறை எலக்ட்ரீஷியன், படிப்பு எட்டாவதுதான், என்னிடம் கேட்டார்: "சார், பாட்டரியிலேருந்து நேரா தடி ஒயர் இழுத்து ஒரு ரிலே வெச்சிடலாமா? முந்நூறு ரூபா ஆகும்." பி.இ. படித்த நான், "அதெல்லாம் எதுக்குங்க, புதுச்சேரி வெயில்ல ஹீட்டரே தேவைப்படாது, சாவியிலேருந்தே எடுத்துடுங்க" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் சாவியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. வெயில் காலம் அல்லவா! மார்கழியில் குடும்பத்தோடு செஞ்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். விடியற்காலை நாலரை மணி, நல்ல பனி. முதல் தடவை ஹீட்டர் போட்டேன், ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது தடவை அரை நிமிஷம். மூன்றாவது தடவை சாவி கையைச் சுட்டது. டேஷ் போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. சாவியை அணைத்தேன். புகை நிற்கவில்லை. உருகின இன்சுலேஷன் வழியே பிரவுன் ஒயர் பாடியில் பட்டுவிட்டது. அதில் ஃப்யூஸ் இல்லை என்று சொன்னேன் அல்லவா? பின் சீட்டில் அம்மாவும் தூங்குகிற என் பெண்ணும். என் மனைவி இருவரையும் வெளியே இழுத்துவிட்டாள். நான் பானெட்டைத் திறந்து துண்டைச் சுற்றி பாட்டரி டெர்மினலைத் திருகுகிறேன், வரவில்லை. ஸ்பேனர் டிக்கியில், பெட்டிகளுக்கு அடியில். கல்யாண வீட்டுச் சமையல்காரர் கொண்டுவந்த இடுக்கியில்தான் கழன்றது. ஒரு கை கொப்புளத்தோடு தப்பினேன்.

அதற்குப் பிறகு அதே எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு முழு ஒயரிங்கையும் மாற்றச் சொன்னேன். அவர் செய்ததைச் சொல்கிறேன். ஹீட்டருக்குப் பாட்டரியிலிருந்து தனித் தடி ஒயர், அதில் ஃப்யூஸ், ரிலே; சாவி ரிலேயைத் தூண்டுவதோடு சரி. பழைய டைனமோ கொடுத்தது 22 ஆம்பியர். புது ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டு மடங்கு தரும். அதை டேஷ் போர்டு அம்மீட்டர் வழியே சுற்றவிட்டால் அடுத்த நெருப்பு அங்கேதான். அதனால் அம்மீட்டரைக் கழற்றி வோல்ட் மீட்டர் வைத்தார். சார்ஜ் விளக்கையும் ஒழுங்காக இணைத்தார். அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் பல ஆல்டர்னேட்டர்களை எழுப்புகிறது. சில வண்டிகளில் அதே வழியாகக் கரண்ட் திரும்பி வந்து, சாவியை அணைத்தாலும் டீசல் பம்பின் சோலினாய்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், என்ஜின் நிற்காது. ஒரு டையோடு போட்டால் தீரும். டெம்பரேச்சர் மீட்டரும் என்ஜினில் இருக்கும் அதன் யூனிட்டும் ஜோடியாக வராவிட்டால் முள் பொய் சொல்லும். கடைசியாகப் பாட்டரிக்குப் பக்கத்தில் கையால் திருப்பி அணைக்கும் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச்.

நண்பர் வண்டி மிகப் பழையதாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆரம்ப கால வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் உள்ளே இருக்கும் டையோடுகள் அந்த நொடியே காலி. பிரேக் சர்வோ உள்ள வண்டி என்றால், டீசலில் பெட்ரோல் என்ஜின் மாதிரி வாக்குவம் கிடைக்காது. தனி பம்ப் வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

சரி, சட்டம்? அந்தக் காலம் போல வேலையை முடித்துவிட்டு ஆர்.சி. புத்தகத்தோடு போய் நிற்க முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என்ஜின் வாங்குவதற்கு முன்னால் போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குப் போய் எழுத்து மூலம் அனுமதி கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸ்காரருக்கும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இருக்கிற 1,489 சி.சி. என்ஜினையே ரீபோர் செய்வது நல்லது. அவன் அப்பா ஓட்டிய என்ஜின் அது.

இதை டிபன் இடைவேளையில் சுருக்கமாகச் சொன்னபோது, "அப்ப ஒயரிங்கைத் தொட வேண்டாம்தானே?" என்று கேட்டான். தொட வேண்டும் ஐயா. இத்தனை வருஷத்து இன்சுலேஷன் விரலால் தொட்டாலே உதிரும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு ஷெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். டெஸ்ட் லேம்ப் நான் கொண்டு வருகிறேன். பாட்டரி டெர்மினல் ஸ்பேனரை அவன் கையிலேயே வைத்திருக்கட்டும்.