மேசையருகே நின்று ஆள் தேடிய அனுபவம்



இங்கிலாந்தில் ஒரு சாரணர் குழுவில் சில ஆண்டுகள் உதவியாளனாக இருந்தேன். பெரியவர்களை அங்கே எப்படித் தொண்டுக்கு அழைத்தோம் என்று சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்புக்கு நன்றி.

பிள்ளைகளுக்கான பணி எதுவும் தனி ஒருவரால் நிற்பதில்லை. 1883 அக்டோபர் 4 அன்று கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர் பாய்ஸ் பிரிகேட் இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது ஹில் சகோதரர் இருவர் அவருக்குத் துணை நின்றார்கள். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமுக்கு வந்த சிறுவர்களில் பாய்ஸ் பிரிகேட் பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கிருந்துதான் சாரணர் இயக்கம் வளர்ந்தது. அதன் தலைவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள்.

எங்கள் குழுவில் ஒரு வருடம் இரண்டு தலைவர்கள் வேலை மாற்றத்தினால் ஊரைவிட்டுப் போனார்கள். எட்டு முதல் பத்தரை வயது வரையுள்ள பிள்ளைகளின் பிரிவை மூடவேண்டிய நிலை வந்தது. இருபத்துநான்கு பிள்ளைகள்! இடம் கேட்டுக் காத்திருந்தவர்கள் வேறு. பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவித்தோம்.

ஒரு பள்ளிக்கூட விழாவில் மேசை போட்டோம். "தொண்டர்கள் தேவை" என்று எழுதி வைத்து, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோம். பலர் துண்டுப்பிரசுரம் வாங்கிப் போனார்கள். மாலைவரை ஒருவரும் பெயர் தரவில்லை. எங்கள் மூத்த தலைவர், "நாம் பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கிறோம், அல்லது காணிக்கை கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள்" என்றார். அது உண்மைதான். எங்களுக்கு வேண்டியது பெரியவர்கள் என்பதையே நாங்கள் தெளிவாகச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் ஒரு கடையின் மேலாளரிடம் அனுமதி பெற்று வாசலில் நின்றோம். இம்முறை மேசைக்கு முன்னால் நின்றோம். சீருடை அணிந்த பிள்ளைகள் போவோர் வருவோருக்குக் கயிற்றில் முடிச்சுப்போடக் கற்றுக்கொடுத்தார்கள். "புதன்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம். கணக்கு எழுத, சமைக்க, கூடாரம் தைக்க ஆள் வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். நின்றவர்களிடம், "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டோம்.

பதினொருவர் பெயரும் தொலைபேசி எண்ணும் தந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் அவற்றை எழுதினோம். இரண்டு நாட்களுக்குள் எல்லோரையும் அழைத்தோம். தாமதித்தால் ஆர்வம் ஆறிப்போகும். "ஒரு மாலை வந்து பாருங்கள், அதற்குப்பிறகு முடிவு செய்யலாம்" என்றோம். ஆறுபேர் வந்தார்கள், மூவர் நிலைத்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒருவர் ஒரு கல்லூரி மாணவர். மற்றவர் ஒரு நர்ஸ் சகோதரி. வேலை நேரம் மாறிமாறி வருவதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரமுடியும் என்று தயங்கினார். அதுவே போதும் என்றோம். அந்தப் பிரிவு மூடப்படவில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவசரப்படக்கூடாது. இங்கிலாந்தில் 2012இல் அமைக்கப்பட்ட டி.பி.எஸ். என்ற அரசு அமைப்பு குற்றப் பதிவுகளைச் சரிபார்க்கிறது. தொண்டர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை. அந்தச் சோதனையோடு, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய பயிற்சியும் உண்டு. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. இதை மேசையருகிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். ஒருவர் முகம் சுளித்தார். பெற்றோரோ, "இப்படிக் கேட்கிறீர்களே, அதுதான் எங்களுக்கு ஆறுதல்" என்றார்கள்.

அன்பானவர்களே, உங்கள் வாலிபர் குழுவுக்கு ஆள் குறைந்திருக்கிறதா? பொதுவாக அறிவித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். மக்கள் நடமாடும் இடத்துக்குப் போங்கள். செய்யவேண்டிய வேலையையும் நேரத்தையும் சொல்லி, ஒவ்வொருவராக முகம் பார்த்துக் கேளுங்கள். அந்த நர்ஸ் சகோதரியிடம், "இத்தனை வருடம் ஏன் வரவில்லை?" என்று பின்பு கேட்டேன். "என்னை யாரும் கேட்கவில்லையே" என்றார். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் காத்திருப்பார். இந்த வாரமே போய்க் கேளுங்கள்.