கணக்கெடுக்கும் முன்பே விழுந்த மரங்கள்

கிராஞ்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குதிரைப் பந்தயமும் போர் நினைவிடமும்தான். ஆனால் கிராஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயர். மலாய்க்காரர்கள் ‘கெராஞ்சி’ என்று அழைக்கும் மரம் அது. மரத்தின் பெயரால் வழங்கும் ஊரில் மரங்களுக்கு நேர்ந்த கதைதான் இன்றைய பேச்சு.

2021 பிப்ரவரியில் கிராஞ்சி சாலைப் பக்கம் ஒரு காட்டுத் துண்டு மொட்டையாகக் கிடக்கும் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. பழைய மலாயா ரயில் பாதையை ஒட்டிய இடம் அது. வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்கா அமைக்க ஜேடிசி கழகம் ஏற்பாடு செய்திருந்தது. அங்கே என்னென்ன உயிரினங்கள் வாழ்கின்றன என்று நிபுணர்கள் ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும். அதன் பிறகே மரத்தில் கை வைக்கவேண்டும். நடந்ததோ தலைகீழ். அழிக்கப்பட்டது மொத்தம் 11.9 ஹெக்டர், அதில் சுமார் 4.5 ஹெக்டர், ஆய்வு முடிவதற்கு முன்பே தவறுதலாக வெட்டப்பட்டதாக ஜேடிசி விளக்கம் சொன்னது. ஏறத்தாழ ஆறு காற்பந்துத் திடல்கள்! ஜனவரி 13ஆம் தேதியே தவறு தெரிந்து வேலையை நிறுத்திவிட்டார்களாம். பொதுமக்களுக்குத் தெரிந்தது படங்கள் பரவிய பிறகுதான்.

“அதெல்லாம் வெறும் அல்பீசியா மரம்தானே, இந்த மண்ணுக்கு உரியதுகூட இல்லையே” என்று சிலர் கேட்டார்கள். உண்மைதான். வேகமாக வளரும், காற்றடித்தால் முறியும். ஆனால் அதன் உச்சியில்தான் பருந்தும் கழுகும் கூடு கட்டுகின்றன. அந்தக் காடு சதுப்புநிலங்களுக்கும் உள்நாட்டுக் காடுகளுக்கும் நடுவே உயிரினங்கள் கடந்து செல்லும் பாதை வேறு. அந்தத் துண்டில் இருந்தது எத்தனை? இனி எந்த நிபுணர் வந்தாலும் எண்ண முடியாது. இழப்பு என்பது அங்கேதான் இருக்கிறது. இத்தனைக்கும், 2030க்குள் நமது உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019ல் வைத்த இலக்கை ஒட்டிய திட்டம் அது. அந்த இலக்கையே 2025ல் மாற்றிவிட்டார்கள். இலக்கை மாற்றலாம், வெட்டிய மரத்தை என்ன செய்வது?

ஆலோசகர் என்றாலே கண்துடைப்பு என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. கட்டுபவரே காசு கொடுத்து அமர்த்தும் ஆலோசகர் கட்டாதே என்று சொல்வாரா? நியாயமான சந்தேகம். ஆனால் குறுக்குத் தீவு ரயில் பாதையைப் பாருங்கள். மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கைக் காப்பகத்தின் அடியில் செல்லலாமா என்ற கேள்வி வந்தபோது, நிலப் போக்குவரத்து ஆணையம் 2014ல் ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தியது. முதற்கட்ட அறிக்கை 2016 பிப்ரவரியில் மக்கள் பார்வைக்கு வந்தது. இயற்கை ஆர்வலர்கள் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டார்கள். காப்பகத்துக்குள் போடவிருந்த ஆழ்துளைகள் 72லிருந்து 16ஆகக் குறைந்தன. கடைசியில், 2019 டிசம்பரில், காப்பகத்தின் அடியிலேயே சுமார் 70 மீட்டர் ஆழத்தில் பாதை செல்லும் என்று முடிவானது. ஆர்வலர்கள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. என்றாலும், முதலில் ஆய்வு, பிறகு வேலை என்ற வரிசை அங்கே பிசகவில்லை. சம்பளம் யார் தருகிறார் என்பதைவிட, அறிக்கையை யார் படிக்கிறார், அது வரும்வரை இயந்திரத்தை யார் நிறுத்தி வைக்கிறார் என்பதே பெரிய கேள்வி.

அந்தக் கேள்வி மறுபடியும் கிராஞ்சிக்கே வந்திருக்கிறது. தேக்காவுக்குப் போகிறவர்கள் ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன் தலைக் கறி சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே பந்தயத் திடல் இருந்த காலம் ஒன்று உண்டு. ஃபேரர் பார்க்கிலிருந்து 1933ல் புக்கிட் தீமாவுக்கும், 1999ல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய பந்தயம், 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசியாக ஓடி முடிந்தது. சுமார் 120 ஹெக்டர் நிலத்தை 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் ஒப்படைப்பது என்று 2023ல் அறிவித்தார்கள். ஏறக்குறைய 14,000 வீடுகள் வரவிருக்கின்றன. வீடு வேண்டும், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் சற்றுத் தள்ளி மண்டாய் சதுப்புநிலம் இருக்கிறது, வடக்கேயிருந்து ஆண்டுதோறும் பறவைகள் வந்து இரை தேடும் சேற்று நிலம் அது. இந்த முறை அங்கே எந்த ஆய்வறிக்கை வெளிவந்தாலும், நேயர்களே, வீட்டு வரைபடத்தைத் தேடுவதற்கு முன்னால் அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள்.